விபத்தின்போது நேரம் நீண்டது போலத் தோன்றுவது ஏன்?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது ஓரமாக நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது, மோதினீர்கள், நீங்களும் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கையும் தூக்கி எறியப்பட்டீர்கள். கண்ணாடி உடைந்து சிதறியதைத் துண்டு துண்டாகப் பார்த்ததாகவும், சத்தமே கேட்கவில்லை என்றும், எப்படியும் பத்து விநாடியாவது ஆகியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் சிசிடிவி பதிவைப் பார்த்தால், கதவு திறந்ததிலிருந்து நீங்கள் தரையில் விழும் வரை இரண்டு விநாடிகூட இல்லை. ஆபத்து வந்தால் மூளை வேகமெடுக்குமா, அதனால்தான் எல்லாம் ஸ்லோமோஷனில் தெரிகிறதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "அவ்வளவு நேரம் இருந்தும் நான் பிரேக் பிடிக்கவில்லையே, தங்கையின் கை உடைந்ததற்கு நான்தானே காரணம்?" உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்தவள். விபத்திலிருந்து பிழைத்து வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. ஆய்வகத்தில் மூளையை அளப்பது என் துறை இல்லை, அந்தப் பகுதியை வாசித்துத் தெரிந்துகொண்டவளாகத்தான் சொல்கிறேன். வந்தவர்கள் சொல்லக் கேட்டதைப் பற்றி மட்டும் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும். உங்களுக்கு நடந்தது அபூர்வமான ஒன்றில்லை. வேலை செய்யும்போது உயரத்திலிருந்து விழுந்தவர், வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டவர், கார் உருண்டபோது உள்ளே இருந்தவர் என்று பலரும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் சொல்வார்கள். "எல்லாம் நிதானமாக நடந்தது", "யாருக்கோ நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது", "பயமே இல்லை, பயம் பிறகுதான் வந்தது."

இதை முதன்முதலில் முறையாகத் திரட்டியவர் ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிஸ் நாட்டுப் புவியியலாளர். 1871இல் ஆல்ப்ஸ் மலையில் கால் இடறி, ஏறக்குறைய 20 மீட்டர் கீழே பனியில் விழுந்து உயிர் பிழைத்தார். அதன் பிறகு, தம்மைப் போல விழுந்து தப்பிய மலையேறிகளையும் கட்டட வேலையாட்களையும் விசாரித்து 1892இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விழுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலியோ பீதியோ இருப்பதில்லை, எண்ணங்கள் மிக வேகமாகவும் தெளிவாகவும் ஓடுகின்றன, நேரம் பல மடங்கு நீண்டுவிடுகிறது என்று அதில் எழுதினார். சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ரஸ்ஸல் நோய்ஸ், ராய் க்ளெட்டி என்ற இருவர், சாவின் விளிம்புக்குப் போய்வந்தவர்களிடம் விசாரித்தபோதும் அதே சித்திரம்தான் கிடைத்தது. அப்படித் தோன்றுவதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிச் சண்டையில் சிக்கிய காவலர்களிடம் நடந்த ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நேரம் மெதுவாக ஓடியதாகச் சொன்னார்கள், சிறுபான்மையினர் நேர்மாறாக வேகமாக ஓடியதாகச் சொன்னார்கள். ஒரே காரில் வந்த இருவர் இரண்டு விதமாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

சரி, அந்த நேரத்தில் மூளை அதிவேகக் கேமராவைப் போல ஒரு விநாடிக்குள் கூடுதல் படங்களை எடுக்கிறதா? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். செஸ் ஸ்டெட்சன், டேவிட் ஈகிள்மன் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து ஆட்களை எந்தக் கயிறும் இல்லாமல், முதுகு கீழ்நோக்கி இருக்கும்படி விட்டுவிடுவார்கள். 31 மீட்டர் கீழே ஒரு வலை பிடித்துக்கொள்ளும். விழ ஆகும் நேரம் சுமார் இரண்டரை விநாடி. அவர்கள் மணிக்கட்டில் ஒரு சிறிய திரை கட்டப்பட்டிருந்தது. அதில் ஓர் எண் ஒளிரும், மறுகணமே அதே எண் ஒளியும் இருளும் இடம் மாறித் தெரியும். இந்த மாற்றம் மெதுவாக நடந்தால் எண்ணைப் படித்துவிடலாம். வேகம் ஓர் அளவைத் தாண்டினால் இரண்டு பிம்பங்களும் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் அந்த எல்லை எது என்று தரையிலேயே கண்டுபிடித்து, அதைவிடச் சற்று வேகமாகத் திரையை ஓடவிட்டார்கள். உலகம் உண்மையிலேயே ஸ்லோமோஷனில் தெரிகிறதென்றால், விழும்போது அந்த எண்ணைப் படிக்க முடியவேண்டும் அல்லவா?

படிக்க முடியவில்லை. தரையில் நின்றபோது எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் விழும்போதும் தெரிந்தது. ஆனால் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று பிறகு ஸ்டாப்வாட்ச்சில் அழுத்திக் காட்டச் சொன்னபோது, மற்றவர்கள் விழுந்ததற்குக் காட்டிய நேரத்தைவிடத் தாங்கள் விழுந்ததற்குச் சராசரியாக 36 சதவீதம் அதிகமாகக் காட்டினார்கள். நேரம் நீண்டதாகத் தோன்றியது, ஆனால் கண்ணுக்குக் கூடுதலாக எதுவும் கிட்டவில்லை. இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று பிரித்துக் காட்டியதுதான் அந்த ஆய்வின் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் அந்த நீளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நினைவிலிருந்து வருகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆபத்து என்று பட்டதும் மூளையின் உட்பகுதியில் இருக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது, அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகுகின்றன. இதயம் படபடப்பது நமக்குத் தெரியும். கூடவே, அந்தக் கணத்தில் நடந்தவை நினைவில் ஆழமாகப் பதிகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாது. லாரி காஹில், ஜேம்ஸ் மெக்கா ஆகியோர் 1994இல் இதைக் காட்டினார்கள். அம்மாவோடு போகும் ஒரு சிறுவன் கார் மோதிப் படுகாயமடையும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் சாதாரணப் பகுதிகளைவிட விபத்துப் பகுதிதான் அதிகம் நினைவில் இருந்தது. ஆனால் கதைக்கு முன்பே புரொப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்து அட்ரினலின் வேலை செய்வதைத் தடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் நினைவு ஏற்படவில்லை.

முடிந்துபோன ஒன்று எவ்வளவு நேரம் நீடித்தது என்று மனத்துக்குள் பார்க்க நம்மிடம் கடிகாரம் எதுவும் இல்லை. எவ்வளவு நினைவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தே குத்துமதிப்பாகச் சொல்கிறோம். புதிய ஊருக்குப் போகும் வழி நீளமாகவும், அதே வழியில் திரும்பி வருவது குறுகியதாகவும் தோன்றுகிறதே, அந்த மாதிரி. அன்றாடம் பைக் ஓட்டும் இரண்டு விநாடியில் உங்கள் நினைவில் எதுவுமே தங்குவதில்லை. விபத்து நடந்த இரண்டு விநாடியிலோ கண்ணாடித் துண்டு, கதவின் நிறம், தங்கையின் கை உங்கள் தோளிலிருந்து விலகியது என்று ஏகப்பட்டவை தங்கிவிட்டன. இவ்வளவு நடக்க இரண்டு விநாடி போதாது, பத்து விநாடியாவது ஆகியிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வெறுமனே பார்ப்பவர்களுக்கே இந்தக் கணக்கு தவறிவிடும். எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சகாக்களும் 30 விநாடி ஓடும் வங்கிக் கொள்ளை வீடியோ ஒன்றைக் காட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார்கள். சராசரியாக இரண்டு நிமிடத்துக்கும் மேல் என்று பதில் வந்தது.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, "எல்லாம் பிறகு நினைத்துக்கொண்டதுதான் என்கிறார், ஆனால் அந்த நேரத்திலேயே எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான மறுப்பு. என்னிடம் வருபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், அதை நான் தள்ளிவிடுவதில்லை. கோபுர ஆய்வுக்கும் எல்லைகள் உண்டு. குதித்தவர்களுக்குக் கீழே வலை இருப்பது தெரியும். எதுவும் அவர்களை நோக்கிப் பாய்ந்து வரவில்லை, தப்பிக்க எதையும் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. உயிர் போகும் ஆபத்தை யாரும் ஆய்வகத்தில் ஏற்படுத்திப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆகவே அந்த ஒரு முடிவை வைத்து உண்மையான விபத்தில் கண்ணின் கூர்மை துளியும் கூடாது என்று அடித்துச் சொல்வது சரியில்லை.

நினைவு மட்டுமே காரணம் என்ற விளக்கத்துக்குள் அடங்காத சான்றுகளும் இருக்கின்றன. 1961இல் நடந்த ஒரு பழைய சோதனையில், கண்ணைக் கட்டி ஒரு நகரும் மேடையில் ஆட்களை நிற்க வைத்து, ஐந்து விநாடி ஆனதாகத் தோன்றியதும் நிறுத்தச் சொன்னார்கள். மேடை படிக்கட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்தபோது, விளிம்பிலிருந்து விலகிப் போனபோது நிறுத்தியதைவிடச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இது பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை, அந்த நேரத்திலேயே உள்ளுக்குள் விநாடிகள் வேகமாக எண்ணப்பட்டிருக்கின்றன. நம்மை நோக்கி வரும் பொருள், விலகிப் போகும் பொருளைவிட அதிக நேரம் தெரிவதாகத் தோன்றும் என்பதையும் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் நொபுஹிரோ ஹகுரா குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கையை நீட்டித் தொடத் தயாராக இருக்கும்போது, அந்தக் காத்திருப்பு நேரம் நீண்டதாகத் தோன்றியது மட்டுமில்லாமல், வேகமாக வந்துபோகும் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே அடையாளம் காணவும் முடிந்தது. அதாவது செயலுக்குத் தயாராகும் மூளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியலாம். ஆனால் அந்தக் கொஞ்சம் மிகச் சிறியது. இரண்டு விநாடியைப் பத்தாக்கும் அளவுக்கு எந்தச் சோதனையிலும் எதுவும் கிடைத்ததில்லை.

அதனால் என் கணிப்பு இது. பயத்தில் உள்ளுக்குள் விநாடிகளை எண்ணுவது சற்று வேகமெடுப்பது நடக்கிறது, கவனம் முழுவதும் ஒரே புள்ளியில் குவிவதும் நடக்கிறது. பெரிய பங்கு நினைவினுடையது. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சத்தம் கேட்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கவனம்தான். காது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கதவையும் கண்ணாடியையும் தவிர வேறெதையும் மூளை உள்ளே விடவில்லை. துப்பாக்கிச் சூட்டில் சிக்கிய காவலர்கள் தங்கள் துப்பாக்கியின் சத்தமே கேட்கவில்லை என்று சொல்வதும் இதனால்தான்.

இனி பிரேக்குக்கு வருகிறேன். நிதானமாகப் படியுங்கள். ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்று முன்கூட்டியே சொல்லி, விரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்தாலே ஏறக்குறைய கால் விநாடி ஆகிவிடும். சாலையில், முன்னால் போகும் வண்டி நிற்கப் போகிறது என்று எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டுபவர் பிரேக்கை அழுத்த சுமார் முக்கால் விநாடி ஆகிறது. எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்தால் அது ஒன்றரை விநாடி வரை போகும். இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை. பார்ப்பது, இது கதவு என்று புரிவது, மோதப் போகிறோம் என்று உணர்வது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது, கைக்கும் காலுக்கும் அந்த ஆணை போவது, தசை அசைவது, இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாகவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடந்துவிடுவீர்கள். கதவு உங்களுக்கு ஐந்து மீட்டர் முன்னால் திறந்திருந்தால், அதை எட்ட அரை விநாடிகூட ஆகாது. பிரேக் பிடிக்கவேண்டும் என்று மூளை முடிவெடுக்கும்போது மோதல் முடிந்திருக்கும். பிடித்திருந்தாலும் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும்.

உங்கள் நினைவில் இருக்கும் பத்து விநாடியில் பெரும்பகுதி மோதிய பிறகு நடந்தது என்பதையும் கவனியுங்கள். கண்ணாடி சிதறியது, தோளிலிருந்து கை விலகியது, தரை நெருங்கியது எல்லாம் நீங்கள் காற்றில் இருந்தபோது. அப்போது பிடிப்பதற்குப் பிரேக்கே உங்கள் கையில் இல்லை. நீங்கள் சுமந்துகொண்டிருப்பது ஒரு நீண்ட நினைவு. அந்த நீளம் அன்றைக்குச் சாலையில் உங்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆகாது.

ஆல்பர்ட் ஹைம் இதைப் பற்றியும் தெளிவாகவே எழுதியிருக்கிறார். விழும்போது அவருக்கு எத்தனையோ எண்ணங்கள் வந்தன, சில நாட்களில் கொடுக்கவேண்டியிருந்த விரிவுரை உட்பட. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அதன் சில்லுகள் கண்ணில் குத்திவிடும் என்றும் தோன்றியிருக்கிறது. ஆனால் உடல் தூக்கிப் போடப்பட்டதில் அதற்காகக் கையை அசைக்க முடியவில்லை என்கிறார். எண்ணம் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடாது. மலையேற்றத்தில் நல்ல பழக்கம் உள்ளவருக்கே அதுதான் நடந்தது. பந்தய ஓட்டுநர்களும் விமானிகளும் சட்டென்று செயல்படுவது எப்படி என்று கேட்டால், நேரம் அவர்களுக்காக நீள்வதில்லை. அதே நிலைமையைத் திரும்பத் திரும்பப் பழகியதால் அறிகுறியை முன்கூட்டியே கண்டுகொள்கிறார்கள், முடிவெடுக்க ஆகும் நேரம் அவர்களுக்குச் சுருங்கிவிடுகிறது. நின்றிருக்கும் காரின் கதவு எந்த நொடியில் திறக்கும் என்று யாரும் பழகி வைத்திருப்பதில்லை.

"ஆனால் பிரேக் பிடிக்கவேண்டும் என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறதே" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நினைத்திருக்கலாம். அந்த எண்ணம் மோதலுக்கு முன்பா, காற்றில் இருந்தபோதா, மருத்துவமனையில் தங்கைக்குக் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதா என்பதை நினைவை மட்டும் வைத்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நினைவு ஆழமாகப் பதிந்தாலும் அதன் வரிசை துல்லியமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. குற்றவுணர்வோடு ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் பின்னால் வந்த எண்ணம் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த சிசிடிவி பதிவைத் தினமும் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேமரா கோணத்தில் பார்த்ததும் நீங்கள் கண்ணால் கண்டதும் ஒன்றாகக் கலந்துவிடும், அதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. தங்கையிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். அவருக்கு என்ன நினைவிருக்கிறது, எவ்வளவு நேரம் என்று தோன்றியது என்று கேளுங்கள். "மோதினது தெரியும், அப்புறம் ரோட்டில் கிடந்தேன்" என்று அவர் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

விபத்து நடந்து மூன்று வாரம் என்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் தூக்கம் கெடுவதும், கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பலருக்கும் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும். ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி அழைக்காமல் வந்துகொண்டிருந்தால், அந்தச் சாலையையே தவிர்க்க ஆரம்பித்தால், தங்கையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றால் ஓர் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது போல விலகி நின்ற உணர்வு விபத்தின்போது இருந்தவர்களுக்குப் பிற்பாடு இந்தத் தொந்தரவு வரும் வாய்ப்பு ஓரளவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அது விதி இல்லை. வந்தாலும், விபத்து நினைவை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. இன்னொன்று, ஆபத்து எதுவும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உலகம் திடீரென்று மெதுவாகவோ வேகமாகவோ ஓடுவது போல அடிக்கடித் தோன்றினால் அது வேறு விஷயம். ஒற்றைத் தலைவலியிலும் சில வகை வலிப்பிலும் அப்படி நடப்பதுண்டு, அதற்கு நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காப்பீட்டுக்காகவோ விசாரணைக்காகவோ வாக்குமூலம் கொடுக்கவேண்டி வந்தால், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால் மனத்தில் இருக்கும் பத்து விநாடியைச் சொல்லவேண்டாம், பதிவில் இருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.